ஒரு ஆளுக்கு மட்டும் பால்

'டாக்டர் ஹூ' தொடரில் டாக்டர் விடைபெறும் கதைகளில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். 1984 மார்ச்சில் பிபிசியில் வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'தான். நாலே பாகம், பாகத்துக்கு சுமார் 25 நிமிடம். பீட்டர் டேவிசன் டாக்டராக நடித்த கடைசிக் கதை. இதைச் சொல்லும் நான் பெரிய விமர்சகன் ஒன்றும் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர், வீடு வேலூர் சத்துவாச்சாரியில். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் டிவிடி கொண்டுவந்து தருவான். "மாமா, இதையும் பாருங்க" என்பான். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

போன கோடையில் எங்கள் நைனா ஒரு மாதம் எங்களோடு வந்து இருந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். பக்கத்தில்தான் கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் ராணுவத்துக்குப் போகிற ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பேர். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. டிவியில் சீரியல் ஓடினால் அவருக்குக் கோபம் வரும். சரி, இதைப் போடுவோம் என்று போட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலத்தையும் விண்வெளியையும் சுற்றிவரும் 'டாக்டர்' என்ற ஒருவரைப் பற்றி 1963-இல் தொடங்கிய தொடர் இது. முதலில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனது. தொடரை மூட மனசில்லை. 1966-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர் பூமியில் பிறந்தவர் இல்லை, உயிர் போகிற கட்டம் வந்தால் உடம்பை மாற்றிக்கொள்வார், முகமும் குணமும் மாறும், ஆள் மட்டும் அதே ஆள். இதை ஆபீஸில் யாருக்காவது விளக்கினால் "அதெப்படி சார்?" என்று சண்டைக்கு வருவார்கள். நைனாவுக்கு விளக்க வேண்டியே வரவில்லை. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கர்ண மோட்சத்தில் முன்ராத்திரிக்கு ஒருவர் கர்ணன், விடியற்காலைக்கு வேறொருவர் கர்ணன். அதே கிரீடம், அதே புஜக்கட்டை. கூட்டத்தில் ஒரு ஆள் "இவர் யார்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

"வேஷம் மாத்திக்கிறான். அவ்ளோதானே? நீ போடு" என்றார் நைனா.

டேவிசனுக்கு முன்னால் நாலு பேர் விடைபெற்றாயிற்று. ஹார்ட்னெல் களைத்து விழுகிறார். பாட்ரிக் ட்ரௌட்டனை 1969-இல் சொந்த இனத்தாரே விசாரித்துத் தண்டனையாக முகத்தை மாற்றி அனுப்புகிறார்கள். அந்தக் கதை மட்டும் 10 பாகம். ஜான் பெர்ட்வீ 1974-இல் ராட்சசச் சிலந்தியைத் தேடிக் கதிர்வீச்சுக்குள் நடந்து போகிறார். ஏழு வருடம் கொடிகட்டிப் பறந்த டாம் பேக்கர், அண்டம் முழுவதும் அழியாமல் காப்பாற்றிவிட்டு, ரேடியோ தொலைநோக்கியின் மேலிருந்து விழுகிறார். அது 1981 மார்ச். அதே மார்ச்சில்தான் வேலூர் கோட்டைக்குள் சாமி இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் திரும்பி வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எனக்கு இதை நினைத்தால் ஒரு சந்தோஷம்.

டேவிசனை டாக்டராக அறிவித்தபோது அவருக்கு வயது 29. அதுவரை வந்தவர்களில் அவர்தான் சின்னப் பையன். மாட்டு டாக்டர்கள் பற்றிய ஒரு தொடரில் துடுக்குத் தம்பியாக நடித்துப் பேர் வாங்கியவர். அவர் கட்டிய வேஷத்தைப் பார்த்ததும் நைனாவுக்குச் சிரிப்பு. கிரிக்கெட் ஸ்வெட்டர், வெளிர்நிறக் கோட்டு, கோட்டின் மார்பில் குத்திய செலரித் தண்டு. "அது இன்னாடா, கொத்தமல்லியா?" என்றார். அதே கேள்வியைக் கதையில் டாக்டரோடு பயணம் வரும் பெரி என்ற பெண்ணும் கேட்கிறாள். சில வாயுக்கள் தனக்கு ஒத்துக்கொள்ளாது, அவை காற்றில் இருந்தால் செலரி ஊதா நிறமாகிவிடும், அப்போது அதைத் தின்றுவிடுவேன் என்கிறார் டாக்டர். இப்படிச் சிரிக்கச் சிரிக்கத்தான் ஆரம்பிக்கிறது கதை.

ஆண்ட்ரோசானி மேஜர், மைனர் என்று இரட்டைக் கிரகங்கள். மைனரில் மணலும் குகையும்தான். படம் பிடித்தது டோர்செட்டில் ஒரு மணல் குழியில். பாலாற்றை லாரி லாரியாக அள்ளிப் போனதைப் பார்த்த நமக்கு அந்த இடம் ஒன்றும் வேற்றுக் கிரகமாகத் தெரியாது. டாக்டரும் பெரியும் அங்கே இறங்குவதற்குக் காரணமே கிடையாது. யாரும் கூப்பிடவில்லை, எந்த ஆபத்துச் செய்தியும் வரவில்லை. மணலில் ஏதோ தடம் தெரிகிறதே, போய்ப் பார்க்கலாம் என்று போகிறார்கள். குகைக்குள் பெரி கால் தவறி ஒரு பிசுபிசுப்பான உருண்டையின் மேல் விழுகிறாள். டாக்டரும் அதைத் தொட்டுவிடுகிறார். முதல் பாகம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இரண்டு பேருக்கும் சாவு எழுதியாயிற்று. அது அவர்களுக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது.

அந்த உருண்டை வௌவால் கூட்டிலிருந்து வருவது, பேர் ஸ்பெக்ட்ராக்ஸ். பதப்படுத்திச் சாப்பிட்டால் ஆயுள் கூடும், பச்சையாகத் தொட்டால் விஷம். இதற்காகத்தான் அங்கே ஒரு போரே நடக்கிறது. சுரங்கங்களுக்குள் ஷராஸ் ஜெக் என்பவன் யந்திர மனிதர்களை வைத்துக்கொண்டு ஸ்பெக்ட்ராக்ஸை மடக்கிப் பிடித்திருக்கிறான். அவனை எதிர்த்து ஜெனரல் செல்லாக்கின் படை. மேஜரில் ஏசி அறையில் உட்கார்ந்து மார்கஸ் என்ற கம்பெனி முதலாளி இரண்டு பக்கமும் விளையாடுகிறான். வெளியே அரசாங்கப் படைக்கு ஆதரவு, உள்ளே ஸ்டாட்ஸ் என்ற கடத்தல்காரன் மூலம் ஜெக்குக்கே துப்பாக்கி.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். குகைக்குள் அடைந்து கிடக்கும் சிப்பாய்களின் சலிப்பு, மேலிடத்து உத்தரவை நம்பாத முகம், பிடிபட்ட ஆளை விசாரிக்காமலே கடத்தல்காரன் என்று முத்திரை குத்துவது எல்லாம் அவருக்குப் பழக்கமானவை போலிருக்கிறது. முதல் பாகம் முடியும்போது டாக்டருக்கும் பெரிக்கும் சிவப்பு முக்காடு போட்டு நிறுத்தி, வரிசையாகத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். "எழுதுனவன் பட்டாளத்துக்காரனா?" என்று கேட்டார். ஆமாம். ராபர்ட் ஹோம்ஸ் இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் ராணுவத்தில் இருந்தவர், அப்புறம் கொஞ்ச காலம் போலீஸ்காரர், அதன் பிறகுதான் எழுத்து. சொன்னேன். "அதான பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு மின்விசிறி நின்றபோதுகூட அசையவில்லை.

எனக்கு மனசில் நின்றது மார்கஸ். என் தொழில் அப்படி. தாமிரம் அதிகமாகிவிட்டது என்று தன் சுரங்கத்தையே வெடிவைத்து மூடுகிறான். ஆலைகளை மூடி ஆட்களைத் தெருவில் விடுகிறான். வேலையில்லாதவர்கள் தெருவில் திரிகிறார்களே, அவர்களைக் கிழக்கே உள்ள தொழில் முகாம்களுக்கு அனுப்பலாமே என்று அவனே யோசனையும் சொல்கிறான். அந்த முகாம்கள் இருக்கும் இடத்தில் யாருடைய ஆலைகள்? அவனுடையவைதான். நேற்று வரை உன்னிடம் சம்பளத்துக்கு இருந்தவர்கள் இனிமேல் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பார்கள், வேடிக்கைதான் என்கிற மாதிரி ஜனாதிபதி சொல்ல, அட, அது எனக்குத் தோன்றவே இல்லையே என்கிறான் மார்கஸ், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். ஏற்றுமதி ஆர்டர் குறைந்த காலத்தில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துவதும், அதே ஆட்களை இன்னொரு பேரில் குறைந்த கூலிக்குத் திரும்ப எடுப்பதும் எங்கள் பக்கத்தில் நடக்காததா? நான் வேலை பார்த்த இடம் எதையும் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இந்த மார்கஸ் அடிக்கடி கேமராவைப் பார்த்துத் திரும்பித் தன் மனசில் இருப்பதை நம்மிடம் சொல்வான். ஜான் நார்மிங்டன் என்ற நடிகர் ஸ்கிரிப்டில் இருந்த குறிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு அப்படிச் செய்தாராம். இயக்குநர் கிரேம் ஹார்ப்பருக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். நைனா இதைக் கவனிக்கக்கூட இல்லை. கூத்தில் கட்டியக்காரனிலிருந்து துரியோதனன் வரை எல்லோரும் நம்மிடம்தானே பேசுகிறார்கள். ஹார்ப்பருக்கு இந்தத் தொடரில் இதுதான் இயக்குநராக முதல் கதை. மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் உத்தரவு போடாமல் நடிகர்களோடு தளத்திலேயே நின்று எடுத்தார் என்பார்கள். பார்த்தாலே தெரிகிறது. அந்தக் காலத்து பிபிசி ஸ்டுடியோ நாடகங்களில் ஆட்கள் வரிசையாக நின்று வசனம் சொல்வார்கள். இதில் கேமராவே மூச்சுவாங்குகிறது. 2005-இல் தொடரைப் புதிதாக எடுக்கத் தொடங்கியதும், 2006-இல் பழைய இயக்குநர்களில் அவரை மட்டும்தான் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஷராஸ் ஜெக்காக நடித்த கிறிஸ்டோபர் கேபிள், ராயல் பாலேயில் ஆடியவர். முகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை முகமூடி, கண்ணும் வாயும் மட்டும்தான் தெரியும். மார்கஸ் முன்னொரு காலத்தில் அவனுடைய கூட்டாளி. கோளாறான கருவியைக் கொடுத்துச் சேற்று வெடிப்பில் மாட்டிவிட்டதில் ஜெக்கின் முகம் வெந்துபோனது. அந்த ஆத்திரத்தைக் கழுத்தாலும் விரலாலுமே காட்டிவிடுகிறார் கேபிள். முகமூடியைப் பார்த்தால் தோல் போலத்தான் தெரிகிறது. தாடை ஓரத்தில் தையல் எங்கே வருகிறது, எத்தனை துண்டு சேர்த்திருப்பார்கள் என்று நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், தொழில் புத்தி. ஜெக் பெரியிடம் அவள் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். "அந்தாளு பேச்சே சரியில்ல" என்றாள். சரியில்லைதான். அருவருப்பு வர வேண்டும் என்றே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் மேல் பரிதாபமும் வருகிறதே, அங்கேதான் ஹோம்ஸ் நிற்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. குகைக்குள் ஒரு மாக்மா மிருகம் வரும். ரப்பர் என்பது வேலூரிலிருந்தே தெரியும். வந்து ஆட்களைக் கொன்றுவிட்டுப் போய்விடும், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாம் பாகத்தின் கடைசி நிமிடங்களுக்கு வருகிறேன். விஷத்துக்கு மாற்று இருக்கிறது, ராணி வௌவாலின் பால். வௌவால்கள் குகையின் அடியாழத்துக்குப் போய்விட்டன, அங்கே காற்று கிடையாது. பெரி ஜெக்கின் பிடியில் செத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டரோ கைவிலங்கோடு ஸ்டாட்ஸின் கப்பலில், வேறு கிரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். விலங்கை அறுத்து, கதவை அடைத்து, கப்பலை வந்த வழியே திருப்புகிறார். ஸ்டாட்ஸ் கதவை அறுத்துக்கொண்டு துப்பாக்கியோடு வந்து நிற்கிறான். சுட்டால் சுட்டுக்கொள், எப்படியும் நான் சாகப்போகிறவன்தான், அந்தப் பெண்ணை இதில் இழுத்துவிட்டவன் நான், உன்னால் இப்போது என்னை நிறுத்த முடியாது என்கிறார். முகம் விஷத்தில் வெந்து, கண் பிதுங்கி, கிரகம் ஜன்னலில் பெரிதாகிக்கொண்டே வர, குரல் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வருடமாகச் சாந்தமானவர், மென்மையானவர், அதட்டிப் பேசத் தெரியாதவர் என்று நாம் பார்த்த டாக்டர் இவர்தானா என்று இருக்கும்.

நைனா அந்தத் துண்டைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார்.

மற்ற டாக்டர்களின் கடைசிக் கதைகளில் எல்லாம், இது கடைசி என்று கதைக்கே தெரிந்திருக்கும். வில்லன் பெரியவன், ஆபத்து பெரியது, பழைய விரோதிகள் வருவார்கள், மணி அடிக்கும். இந்தக் கதைக்கு டாக்டரைத் தெரியாது. மார்கஸுக்கும் ஜெக்குக்கும் செல்லாக்குக்கும் அவர் வழியில் வந்து மாட்டிய ஒரு ஆள், அவ்வளவுதான். அவர் இல்லாவிட்டாலும் அந்தப் போர் அப்படித்தான் முடிந்திருக்கும். எந்த உலகத்தையும் அவர் காப்பாற்றவில்லை, போரை நிறுத்தவில்லை, முதலாளியைத் திருத்தவில்லை. மார்கஸைக் கவிழ்த்தது அவனுடைய காரியதரிசி டிம்மின். ஜனாதிபதியைக் காலி லிஃப்ட் குழிக்குள் தள்ளிக் கொன்றுவிட்டு, லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினீயரைச் சுடச் சொல்லி உத்தரவு போட்ட முதலாளியை, அவள் சத்தமில்லாமல் புகார் சேர்த்து, அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலையை விட்டுத் தூக்குகிறாள். இந்தக் கதையில் ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சாகிறார்கள். மிஞ்சுவது டிம்மினும் பெரியும்தான். "பதினெட்டாம் போர் படுகளம்" என்றார் நைனா. கர்ணன் செத்தாலும் பாரதப் போருக்கு அவன் சாவு ஒரு கணக்கு. டாக்டரின் சாவை இந்தப் போரில் யாரும் கணக்கில்கூட எடுக்கவில்லை.

அவருக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. பெரி இதற்கு முந்தின கதையில்தான் அவரோடு சேர்ந்தவள். பழகி ரொம்ப நாள்கூட இல்லை. ஆனால் மணலில் தடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது இவர். அதற்காகப் பாலைக் கொண்டுவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு, சேறு வெடிக்கும் மணல்வெளியைக் கடந்து தன் கலமான டார்டிஸ் வரைக்கும் வந்துவிடுகிறார். சாவியைத் தேடும்போது ஒரு குப்பி கவிழ்ந்து மணலில் ஊறிவிடுகிறது. மீதி இருப்பது ஒரு ஆளுக்கு. அவளுக்கு ஊட்டுகிறார். உங்களுக்கு எங்கே என்று அவள் கேட்கும்போது ஒரு ஆளுக்குத்தான் இருந்தது என்கிறார், அவ்வளவுதான். அதற்கு வயலின் கிடையாது, வசன மழை கிடையாது.

தரையில் கிடக்கும் அவர் கண்ணுக்குள் பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து சாகாதே என்கிறார்கள். மாஸ்டர் என்ற பழைய பகைவன் சாவு சாவு என்று சிரிக்கிறான். டாக்டர் கடைசியாகச் சொல்வது ஒரே பேர், "அட்ரிக்". 1982-இல் 'எர்த்‌ஷாக்' கதையில் பூமியை நோக்கி விழுந்த கப்பலிலேயே மாட்டி இறந்துபோன பையன். இந்த டாக்டர் காப்பாற்ற முடியாமல் விட்ட பிள்ளை. அந்தப் பேரைக் கேட்டதும் நான் நைனாவைப் பார்க்கவில்லை. அவரும் கார்கில் சமயத்தில் வடக்கே இருந்தவர். பேர்கள் இருக்கும்.

ட்ரௌட்டன் ஒரு தடவை டேவிசனிடம் மூன்று வருடத்துக்கு மேல் இருக்காதே என்று சொன்னாராம். அந்தப் பேச்சைக் கேட்டு விலகியவர், இப்படிப்பட்ட கதைகள் இன்னும் கொஞ்சம் கிடைத்திருந்தால் இருந்திருப்பேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார். வேஷம் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அவர் மகள் ஜார்ஜியா கல்யாணம் செய்துகொண்டது பத்தாவது டாக்டராக நடித்த டேவிட் டெனன்டை. மாமனார் கட்டிய வேஷத்தை மருமகனும் கட்டியிருக்கிறார் என்றதும் நைனாவுக்குப் பரம திருப்தி. "நம்ம வாத்தியார் குடும்பம் மாதிரி" என்றார், எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரைச் சொல்கிறார்.

2009-இல் 'டாக்டர் ஹூ மேகஸின்' அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகர்களை வைத்து வரிசைப்படுத்தியது. முதலிடம் ஆண்ட்ரோசானிக்கு. இருநூறாவது இடம், அதாவது கடைசி, 'தி ட்வின் டைலெம்மா'வுக்கு. அது எப்போது வந்தது தெரியுமா? டேவிசனின் டாக்டர் செத்த அடுத்த வாரமே, 1984 மார்ச் 22. புது டாக்டராக வந்த காலின் பேக்கர், உடம்பு மாறிய கோளாறில், முதல் பாகத்திலேயே ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார். எந்தப் பெண்? பெரிதான். யாருக்காக முந்தின வாரம் செத்தாரோ அவளை. நடிகர் மேல் எனக்குக் குறை இல்லை, நல்ல நடிகர். எழுதிக் கொடுத்தது அப்படி.

அதைப் போட வேண்டாம் என்று நைனாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்த காட்சி வந்ததும் "இவனுக்காடா அவன் எடத்த வுட்டான்?" என்று கத்திவிட்டு ரிமோட்டை வாங்கி நியூஸ் சேனல் வைத்துவிட்டார். மச்சானிடம் போனில் சொன்னேன். அவன் அடுத்த தடவை ட்ரௌட்டனின் பத்துப் பாகக் கதையைக் கொண்டுவருகிறேன், அதிலும் பட்டாளம் வரும், தாத்தாவுக்குப் பிடிக்கும் என்றான்.